சம்பந்தியம்மாவுடன் ஒருநாள் பனிச்சறுக்கு

ஐஸ்பெட்டி வாங்கப் போன இடத்தில்தான் எனக்கு அந்தப் பரிசு விழுந்தது. வீட்டிலிருந்த பழைய பெட்டியில் வைத்த முட்டைக்கே வேர்க்க ஆரம்பித்திருந்தது. எங்கள் பினாங்குத் தீவின் பாயான் பாருவில் ஒரு மின்சாதனக் கடையில் புதியது வாங்கினேன். கடைக்காரர் ஒரு கூப்பனை நீட்டி, ‘இந்தக் கடை எனக்கு ஏன் பிடிக்கும்’ என்று ஒரு வரி எழுதச் சொன்னார். ‘வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது’ என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். அது உண்மைகூட இல்லை. என் வீடு சுங்கை பினாங்கில் அடுக்குமாடி ஒன்பதாவது மாடியில். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குத்தான் அந்தக் கடை பக்கம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, முதல் பரிசு உங்களுக்குத்தான் என்றாள். ஜப்பானின் வடகோடியில் இருக்கும் ஹொக்காய்டோவுக்கு இரண்டு பேர் போய் வரலாம். அதில் ஒரு நாள் பனிச்சறுக்கு. வங்கிக் கணக்கு எண்ணை எப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். கடைசி வரைக்கும் கேட்கவே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்துக்கு அஞ்சாத மனிதர், குளிருக்கு அஞ்சுவார். “ஏர்கோன் பதினெட்டுல வச்சாலே எனக்கு நெஞ்சு கட்டிக்கும். என்னைக் கொண்டுபோய் ஐஸ்ல போடப் போறியா?” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மகனுக்கு லீவு இல்லை. மருமகளுக்கு நான்காம் மாதம். இரவுச் சாப்பாட்டின்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

“எங்கம்மாவக் கூட்டிட்டுப் போங்களேன் அத்தே. அவங்க எங்கயுமே போனதில்ல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைத்தாச்சிப் பெண் கேட்கும்போது சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. “அதுக்கென்ன,” என்றேன்.

சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கணவரை இழந்தவர். நிமிர்ந்த நடை. எந்த நேரத்தில் பார்த்தாலும் கஞ்சி போட்ட சேலை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பிரியாணி கிடந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளின் கல்யாண விருந்தைத் தீவில் ஒரு மண்டபத்தில் நாங்கள்தான் வைத்தோம். பெண் வீட்டாரின் பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். பாலத்தில் ஜாம் என்று செய்தி வந்தது. வந்த விருந்தாளிகளை எவ்வளவு நேரம் உட்கார வைப்பது? பந்தியைத் தொடங்கிவிட்டோம். பஸ் வந்து சேர்ந்தபோது பிரியாணிச் சட்டியில் பட்டையும் கிராம்பும்தான் மிச்சம். பக்கத்துக் கடையில் மீகூன் கோரெங் என்கிற வறுத்த சேமியாவைத் தாப்பாவ் பண்ணி, நாற்பது பேருக்கும் பொட்டலமாகக் கையில் கொடுத்தோம். பெண்ணைப் பெற்றவர் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்ட காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. பேச்சுக்குப் பதிலாக மரியாதை வளர்ந்தது. தீபாவளிக்குத் தீபாவளி ஒருவருக்கொருவர் பலகாரத் தட்டு கொடுத்து, ‘நல்லா இருக்கீங்களா சம்பந்தி’, ‘உங்க புண்ணியத்துல’ என்று குனிந்து குனிந்து பேசியே முதுகு வலித்தது.

பயணத்துக்குக் குளிர் உடுப்பு வேண்டுமே. வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கும் கடைக்கு இங்கே பண்டல் கடை என்று பெயர். இருவரும் சேர்ந்து போனோம். எனக்கு ஊதா நிறத்தில் ஒரு முழு உடுப்பு கிடைத்தது. அவர் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைப் பிடித்தார். முதுகில் ஜப்பானிய எழுத்துகள் பெரிதாக இருந்தன. “ஜப்பானுக்குப் பொருத்தமா இருக்கும்,” என்றார். கடையில் ஏர்கோன் கிடையாது. போட்டுப் பார்த்துக் கழற்றியபோது இருவருக்கும் மழையில் நனைந்த கோலம்.

குளிர் தாங்குமா என்று ஒத்திகை பார்க்கலாம் என்றான் என் மகன். அவனுடைய கூட்டாளி ஒருவர் பிறை என்ற ஊரில் மீன் குளிர்கிடங்கில் வேலை செய்கிறார். ஒரு சனிக்கிழமை எங்களை அங்கே கொண்டுபோய், கெம்போங் மீன் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள். பதினைந்து நிமிஷம் என்று பேச்சு.

“குளிருதுங்களா சம்பந்தி?” என்று கேட்டேன்.

“பரவால்லைங்க. உங்களுக்கு?”

“எனக்கும் பரவால்லைங்க.”

பதினைந்து நிமிஷத்தில் அந்தக் கூட்டாளி கதவைத் திறந்து, “போதுங்களா அக்கா?” என்றார். நான் சம்பந்தியைப் பார்த்தேன். சம்பந்தி என்னைப் பார்த்தார்.

“சம்பந்திக்குப் போதும்னா எனக்கும் போதும்,” என்றேன்.

“எனக்கு ஒன்னுமில்ல. சம்பந்தி விருப்பம்,” என்றார் அவர்.

கதவு மறுபடியும் மூடியது. அப்படி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பல் கிட்டி, வாயைத் திறக்க முடியாமல் போனதும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். சொல்லப்போனால், பிறகு ஹொக்காய்டோவில் பட்ட குளிர் அந்த மீன் கிடங்குக்குப் பக்கத்தில்கூட வராது.

நவம்பர் கடைசியில் கோலாலம்பூர் வழியாகப் பறந்து சப்போரோ போய்ச் சேர்ந்தோம். குழுவில் இருபது பேர். வழிகாட்டி கோலாலம்பூர்ச் சீனர், நாற்பது வயதிருக்கும். எங்களோடு மலாய் மொழியில் பேசினார். மூன்றாம் நாள் காலையில் பனிச்சறுக்கு. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் வடக்கே போக வேண்டும். ஹோட்டல் வாசலில் சம்பந்தியம்மா ஆரஞ்சு உடுப்பில் உருண்டையாக வந்து நின்றார். முந்தின நாள் பார்த்ததைவிட இரண்டு மடங்கு பருமன்.

“பசியாறிட்டீங்களா சம்பந்தி?” என்று விசாரித்தார். பிறகு நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் தாழ்ந்த குரலில், “உள்ள சேல கட்டியிருக்கேன். வெளிய போறப்ப சேல இல்லாம எனக்குக் கால் வராதுங்க,” என்றார்.

ஆறு கெஜச் சேலையும் பாவாடையும் அந்த உடுப்புக்குள் எப்படி இறங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ் போகப் போக ஜன்னல் வழியே பனியைத் தேடினேன். வயல் வந்தது, காய்ந்த புல் வந்தது, இலையில்லாத மரம் வந்தது. பனியைக் காணோம். வழிகாட்டி மைக்கைப் பிடித்தார். “இந்த வருஷம் பனி லேட். சீசன் இப்பதான் ஆரம்பம். ஆனா கவலை வேண்டாம். மெஷின் வச்சு ஒரு பாதைக்குப் பனி போட்டிருக்காங்க. அதுவும் பனிதான்.”

மலை வந்தது. மலை முழுக்கப் பழுப்பு நிறம். நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, யாரோ வேட்டியைத் துவைத்துக் காயப் போட்ட மாதிரி கீழே வரை இறங்கியிருந்தது. அதன் ஓரத்தில் பெரிய காற்றாடி மாதிரி ஒரு யந்திரம் நின்று பனியைத் துப்பிக்கொண்டிருந்தது. பட்டைக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு மூங்கில் புல். நாங்கள் இறங்கி நின்றபோது ஒரு கார் வந்து சம்பந்தியம்மாவின் முன்னால் நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டார். சம்பந்தியம்மா யோசிக்கவே இல்லை. வலது பக்கம் கையைக் காட்டினார். அவர் தலை குனிந்து நன்றி சொல்லி, காட்டிய இடத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்து இன்னொரு கார் வந்தது.

வழிகாட்டி பின்னால் வந்து, சம்பந்தியின் முதுகில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். “அக்கா, இது கார் நிறுத்துமிட ஊழியர் உடுப்பு.”

“அதனால என்ன,” என்றார் சம்பந்தியம்மா. “கேட்டா சொல்ல வேண்டியதுதானே.” மூன்றாவது காரையும் நிறுத்திவிட்டுத்தான் வந்தார்.

வாடகைக்குக் கொடுத்த பூட்ஸ் இரும்பு மாதிரி கனத்தது. போட்டுக்கொண்டதும் இருவரும் கோயில் யானைபோல நடந்தோம். பலகைகளை மாட்டிய பிறகு அந்த நடையும் போயிற்று. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் எங்கள் வயதுப் பெண். ஜப்பானிய மொழி தவிர அவருக்குத் தெரிந்தது இரண்டே சொல். ஒன்று ஓகே. மற்றொன்று பிட்சா. இரண்டு பலகைகளின் முன்முனைகளையும் சேர்த்து, பின்முனைகளை விரித்துக் காட்டி, “பிட்சா! பிட்சா!” என்றார்.

சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்தார். “சாப்பாட்டு நேரமா அதுக்குள்ள? நான் கார்த்திகை மாசம் சைவம். காய்கறி போட்டது இருக்கான்னு கேளுங்க சம்பந்தி.”

காலை அப்படி விரித்தால் வேகம் குறையும், அந்த வடிவம் பிட்சாத் துண்டு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்பது வழிகாட்டி வந்து விளக்கிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அதற்குள் சம்பந்தியம்மா இடுப்பில் கட்டிவந்த முறுக்குப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அந்த ஆசிரியைக்குக் கொடுத்திருந்தார். அவரும் “ஓகே” என்று வாங்கிக் கடித்தார்.

மேலே ஏறுவதற்குத் தரையோடு ஓடும் ஒரு ரப்பர்ப் பட்டை இருந்தது. அதன்மேல் நின்றால் போதும், அது கொண்டுபோய்விடும். இருபத்தேழு வருஷமாக நான் தொழிற்சாலையில் ஓடும் பட்டைக்குப் பக்கத்தில் நின்று சாமான் சரியாக வருகிறதா என்று பார்த்தவள். முதல் தடவையாகச் சாமானாக ஏறப் போகிறேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் ஏறத்தான் முடியவில்லை.

“நீங்க முதல்ல போங்க சம்பந்தி.”

“ஐயோ, உங்களுக்கு முன்னால நானா? நீங்க போங்க.”

“வயசுல மூத்தவங்க நீங்கதானே.”

“பரிசு உங்களோடது.”

எங்களுக்குப் பின்னால் பாலர் பள்ளிக் குழந்தைகள் இருபது பேர், மஞ்சள் தொப்பியோடு, வாயைத் திறந்து பார்த்தபடி நின்றார்கள். கடைசியில் ஆசிரியை எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துப் பட்டையில் தள்ளிவிட்டார். கையைக் கோத்துக்கொண்டு போனோம். கல்யாண விருந்துக்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் தொட்டது அப்போதுதான்.

உச்சி என்று சொல்லும்படி பெரிய உயரம் ஒன்றுமில்லை. எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடி அளவுதான். ஆனால் சம்பந்தியம்மாவுக்கு அங்கே நிற்பதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. பட்டை முடிந்ததும் பலகை தானாக நகர ஆரம்பித்துவிட்டது. ஆசிரியை “பிட்சா!” என்று கத்தினார். நானும் கத்தினேன். சம்பந்தி காலை விரிக்க முயன்றிருப்பார், உள்ளே இருந்த சேலை விட்டால்தானே? கையைக் குவித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லிக்கொண்டே போகும் மந்திரி மாதிரி, நேராகக் குறுக்கே போனார். வெள்ளைப் பட்டை முடிந்தது. புல் வந்தது. சறுக்கல் பட்டென்று நின்றது. ஆள் விழவில்லை. இடுப்பளவு மூங்கில் புல்லுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் நட்டு வைத்த மாதிரி நின்றார்.

மருமகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் முதலில் தோன்றியது. “சம்பந்தி, அசையாதீங்க! நான் வரேன்!” என்று சொல்லிக்கொண்டே கிளம்பினேன். இரண்டடி போயிருப்பேன். பலகை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. வானம் தெரிந்தது, பிறகு பனி தெரிந்தது, மறுபடி வானம். வயிறு தரையில் பட, கை இரண்டும் முன்னால் நீள, தலை முதலில் வழுக்கிப் போய்ப் புல்லுக்குள் புகுந்தேன். நின்றபோது என் இரண்டு கையும் சம்பந்தியம்மாவின் இரண்டு பூட்ஸையும் பிடித்திருந்தன. நெற்றி அவருடைய பலகையில் பதிந்திருந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. மேலேயிருந்து அவருடைய குரல் கேட்டது. நான்கு வருஷத்தில் நான் கேட்டிராத குரல்.

“என்ன சம்பந்தி இது? எதுக்குங்க இவ்ளோ பெரிய காரியம்? எந்திரிங்க, எந்திரிங்க.”

எழுந்திருக்கத்தான் பார்த்தேன். கால் வேறு திசையில் மாட்டியிருந்தது. வாயில் பனி. “அது வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“ஒன்னும் சொல்ல வேணாம். எனக்குப் புரியுது. அந்தப் பிரியாணிதானே? நான் அத எப்பவோ மறந்துட்டேங்க. எட்டு இருபதுக்கு நாங்க மண்டபத்துக்கு வந்தோம். எட்டு மணிக்கே தீந்துருச்சுன்னு உங்க சமையக்காரரு சொன்னாரு. மூனு சட்டில ஒன்னு கூடவா எடுத்து வச்சிருக்கக் கூடாதுன்னு அன்னிக்கு ஒரு நெனப்பு. அவ்ளோதான். மறந்துட்டேன்.”

நான் பதில் சொல்வதற்காகத் தலையைத் தூக்கினேன். மன்னிப்புக் கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை என்பதைச் சொல்லத்தான் தூக்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். தாமதமாக வந்தவர்களுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது நான்கு வருஷமாக என் நாக்கில் தயாராக இருந்த வாக்கியம். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

“பாலத்துல ஜாமே இல்ல சம்பந்தி,” என்றார். “பஸ்ஸு வாசல்ல நிக்குது. நாற்பது பேரும் ஏறியாச்சு. நான் குளியலறைல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டேன். எம் மக போயிட்டா வீட்டுல நான் யார்கிட்ட பேசுவேன்னு திடீர்னு தோனிருச்சு. ஒன்னரை மணி நேரம் வெளிய வரல. எங்கண்ணன்தான் ஜாம்னு போன் அடிச்சுச் சொல்லச் சொன்னாரு. உங்க மேல பழி போட்டுட்டு நான்தான் இத்தன வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன்.”

என்னிடம் இருந்த வாக்கியம் எதற்கும் உதவாமல் போயிற்று. பூட்ஸைப் பிடித்த கையை எடுக்கவும் தோன்றவில்லை. ஒரு சட்டியாவது எடுத்து வைத்திருக்கலாம் என்பது உண்மைதான். அன்று என் தம்பி அதைச் சொல்லவும் செய்தான். ஏழரை மணி வரை வராதவர்களுக்கு எதற்கு என்று நான்தான் பரிமாறச் சொன்னேன்.

“எடுத்து வச்சிருக்கணும்,” என்றேன். “என் தப்புதான்.”

விழுந்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிஷம் போயிருக்கும். முதலில் காலில் விழுந்துவிட்டு அப்புறம் தப்பை ஒப்புக்கொண்டு, வரிசையை மாற்றிச் செய்துவிட்டேன்.

அவர் குனிந்து என்னைத் தூக்க முயன்றார். இருவருடைய பலகைகளும் சிக்கிக்கொண்டன. அதற்குள் சிவப்புச் சட்டை போட்ட மீட்புப் பணியாளர்கள் இரண்டு பேர் சறுக்கு வண்டியோடு வந்துவிட்டார்கள். ஆசிரியைதான் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தி கீழே கிடந்து தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். மற்றொருத்தி நின்றுகொண்டு அழுகிறாள். அழுகிறவருக்குத்தான் அடி என்று முடிவு செய்துவிட்டார்கள்.

“நோ, நோ! எனக்கு ஒன்னுமில்ல, அவங்களுக்குப் பாருங்க!” என்று சம்பந்தியம்மா தமிழில் மன்றாடினார். அவர்கள் தலையாட்டித் தேற்றி, அவரைப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, வாரால் கட்டினார்கள். வண்டி பட்டையின் வழியாகக் கீழே போனது. ஏறுவதற்காக நின்ற பாலர் பள்ளிக் குழந்தைகள் கை தட்டினார்கள். சம்பந்தியம்மா போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து அவர்களுக்கு ஆட்டியதை நான் மேலேயிருந்து பார்த்தேன். என் கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. அவருடைய பலகை இரண்டு, என்னுடையது இரண்டு, நான்கையும் தோளில் சுமந்துகொண்டு புல்லோரமாக நொண்டி நொண்டி இறங்கினேன். ஆசிரியை என் கூடவே வந்தார். என்னைத் தேற்ற வேண்டும் என்று அவருக்கு இருந்தது, இருக்கிற சொல் இரண்டுதான். “ஓகே,” என்றார். கொஞ்சம் தூரம் போனதும் மறுபடியும், “ஓகே.”

முதலுதவி அறையில் சம்பந்தியம்மாவைச் சோதித்துவிட்டு, அடி ஏதும் இல்லை, ஆனால் உடம்பைச் சுற்றி ஏதோ துணி இறுக்கமாகக் கட்டியிருக்கிறது, அது என்ன கட்டு, எந்த மருத்துவமனையில் போட்டது என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தார். சேலை என்று சொன்னேன். அதை அவர் எப்படி மொழிபெயர்த்தாரோ, நர்ஸ் எழுந்து நின்று சம்பந்தியம்மாவுக்கு வணங்கினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாவற்றிலும் மாடோ பன்றியோ கிடந்தது. சம்பந்தியம்மா பையிலிருந்து எலுமிச்சைச் சாதம் எடுத்தார். ஹோட்டலில் வெந்நீர்க் கெண்டியில் எப்படியோ ஆக்கியது. முதலில் என் தட்டில் வைத்தார்.

“போதும் சம்பந்தி.”

“இன்னும் கொஞ்சம் சாப்புடுங்க. நீங்கதானே அடிபட்டவங்க,” என்று சொல்லிவிட்டு, திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் வந்துவிட்டது. நர்ஸ் கேட்ட கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் சாதம் புரையேறியது. குழுவில் இருந்த மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் எழுந்தார். கழிவறைக்குப் போனார். திரும்பி வந்தபோது பாதி உடம்பாக இருந்தார். சேலையை மடித்து என் மடியில் வைத்தார். “இத வச்சிருங்க. இன்னொரு தடவ போயிட்டு வரேன்.”

“சம்பந்தி! வேணாங்க!”

“பஸ்ஸு மூனு மணிக்குத்தானே?”

கணுக்காலில் ஐஸ் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, மடியில் பச்சை நிறச் சேலையோடு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். முதல் தடவை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். இரண்டாவது தடவை ஒரு குழந்தையின் மேல் மோதாமல் இருக்கத் தானாகவே விழுந்தார். நான்காவது தடவை காலைப் பிட்சா மாதிரி விரித்து, மெல்ல மெல்ல, கீழே வரை வந்து நின்றார். ஆசிரியை துள்ளிக் குதித்தார். சம்பந்தியம்மா என்னைத் தேடி ஜன்னல் பக்கம் பார்த்து, இரண்டு கையையும் தூக்கினார். நான் கண்ணாடியைத் தட்டினேன். கேட்டிருக்காது.

ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் நிபோங் திபால் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: மாப்பிள்ளையின் அம்மா ஜப்பானில், பனியில், எல்லோர் முன்னாலும், சம்பந்தியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். மருமகள் தழுதழுத்த குரலில், “அத்தே, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு,” என்றாள். மறுக்க வாயெடுத்தேன். அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

உண்மையைக் கணவரிடம் மட்டும் சொன்னேன். நான் விழவில்லை, வழுக்கித்தான் போனேன் என்று. அவர் யோசித்தார்.

“நெத்தி பட்டுச்சா?”

“பலகைல பட்டுச்சு.”

“கையால காலப் புடிச்ச?”

“பூட்ஸத்தான்.”

“அப்புறம் என்ன,” என்றார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியபடி.

சம்பந்தியம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறார். ஒரு மணி நேரம் போகிறது. என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போன வாரம், ஜனவரியில் போனால் மலை முழுக்க நிஜப் பனி இருக்குமாம், குழுவில் வந்தவர்கள் சொன்னார்களாம் என்றார். பார்க்கலாம் என்றேன். கால் இன்னும் சரியாகவில்லை. படி இறங்கும்போது லேசாக வலிக்கிறது, அதுவும் லிப்ட் கெட்டுப்போகிற நாளில் ஒன்பது மாடி.